தாடி கழன்ற மாலை

சென்ற வாரம் மருந்துக்கடை அக்கா தன் மகளின் ஷூ இரண்டையும் வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வேலைக்குக் கிளம்பிப் போனாரே, இந்த மழையில் அந்த ஷூ இன்னும் காயவில்லை. மூன்றாம் மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. போகிற வருகிற எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். பார்க்காமல் போனால் அந்த வீட்டில் வருத்தப்படுவார்கள்.

ஷூவின் சொந்தக்காரி பந்து. கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, அழாமல் எழுந்து உட்கார்ந்து, யார் தள்ளியது என்பது போலச் சுற்றிப் பார்த்தவள். அன்று வைத்த பெயர். அவள் இப்போது விழுவதையே தொழிலாக்கிக்கொள்ளப் பார்க்கிறாள். சினிமாச் சண்டையில் கதாநாயகிக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பது, படிக்கட்டில் உருளுவது, அந்த மாதிரி. சண்டை மாஸ்டர் ஒருவர் அவளைத் தேர்ந்தெடுத்தும் விட்டார். நாளைக் காலை வேன் வருகிறது.

தடங்கல் ஒன்றே ஒன்றுதான். அந்த மாஸ்டருக்கு ஒரு விநோதமான வழக்கம். பெற்ற தாய் எதிரில் நின்று, தன் வாயால் ‘சரி’ என்று சொல்லாமல் அவர் யாரையும் குழுவில் சேர்ப்பதில்லை. அப்பா சொன்னால் போதாது. போனில் சொன்னால் போதாது.

அக்காவோ பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறக்கூட ஆள் கூப்பிடுகிறவர். “போறதுன்னா என்னைத் தாண்டிப் போ” என்று வாசலில் உட்கார்ந்தார். பந்து நிஜமாகவே தாண்டிப் போனாள். அதற்குப் பிறகுதான் ஷூ வாளிக்குள் போனது.

பந்துவின் அப்பா எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம். அவர் லிஃப்ட் மெக்கானிக். நம் கட்டடத்தின் இரும்புக் கதவு வைத்த பழைய லிஃப்ட் இன்னும் உயிரோடு இருப்பது அவர் தயவு. லிஃப்ட்காரருக்கு உலகத்தில் பிடித்தது இரண்டு: ஒன்று மகள், இன்னொன்று தாடித் தாத்தா படம். எந்தக் கிழமை விடுமுறையோ அந்தக் கிழமை அந்தப் படம். வசனம் பக்கத்து வீட்டுச் சுவருக்கே மனப்பாடம்.

குடித்துவிட்டுத் தள்ளாடுகிற ஒரு வெள்ளைத் தாடிக் கிழவர், பெஞ்சு, ஏணி, துடைப்பம், கையில் எது கிடைக்கிறதோ அதை வைத்து ஒரு கூட்டத்தையே புரட்டி எடுப்பார். அதில் தொப்பி உதை என்று ஒன்று உண்டு. நிறைந்த டீக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் சுழன்று, எதிரே நிற்கும் நெட்டையனின் தொப்பியை மட்டும் உதைத்துத் தூக்கித் தன் தலையில் வாங்கிக்கொள்வார். டீ சிந்தாது. லிஃப்ட்காரர் அதை வராந்தாவில் செய்து பார்த்து ஒரு டியூப்லைட்டையும் தன் இடுப்பையும் உடைத்துக்கொண்டவர். தாத்தா அந்த உதையில் அந்தரத்தில் நிற்கும் போஸ்டர், கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் வீட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது.

“மத்த படத்துல ஹீரோ அடிப்பான், மத்தவன் விழுவான். அதுல என்ன இருக்கு? இதுல ஹீரோவும் விழுவான். அடிச்சிட்டுக் கையை உதறுவான் பாருங்க, வலிக்குதுன்னு. அதுக்குத்தான் சிரிக்கிறோம். பொய்யா விழுந்தா சிரிப்பு வராது சார்.” மாடியேறுகிற யாரையும் நிறுத்தி இதைச் சொல்லாமல் அவர் விட்டதில்லை.

படம் ஓடும்போது அக்கா துணி மடித்துக்கொண்டிருப்பார். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து வந்து டிவியை அணைப்பார். “முடிஞ்சாச்சுல்ல, அவங்கவங்க வேலையப் பாருங்க.” கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைக்கிறார் என்றுதான் அந்த வீடே நினைத்தது. லிஃப்ட்காரருக்கும் தியேட்டர் காலத்திலிருந்தே பெயர் ஓடத் தொடங்கினால் எழுந்துவிடும் பழக்கம். நாமும் கருமி என்றே முடிவு கட்டியிருந்தோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வருவோம்.

பந்து ஒரு திட்டம் போட்டாள். கீழே உள்ள குடியிருப்போர் சங்க ஹாலில் எல்லோரையும் கூட்டி, பெரிய திரையில் தாடித் தாத்தா படம். மாஸ்டரும் வருவார். நாலு பேருக்கு நடுவில் சிரித்த முகமாக இருக்கும்போது கேட்டால் அம்மா மறுக்க மாட்டாள் என்பது கணக்கு. பெற்ற தாயைப் பற்றிப் பிள்ளைகள் போடும் கணக்கு எப்போதும் இப்படித்தான் அழகாக இருக்கும்.

முழுப் படத்தையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தவர் மாஸ்டர்தான்.

அக்கா வர மறுத்தார். தலைவலி என்றார். லிஃப்ட்காரர் விடவில்லை. “என் படம் பெரிய திரையில ஓடுது, என் பொண்டாட்டி மேல உட்கார்ந்து பருப்புல கல்லு பொறுக்குவாளா? வா.” முன்வரிசையில் நட்ட நடுவே கொண்டுபோய் உட்கார வைத்தார். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மகள். தப்பிக்க வழியில்லை.

படம் தொடங்கி இருட்டான பிறகுதான் மாஸ்டர் வந்தார். ஆள் கதவளவு உயரம், அகலமும் கிட்டத்தட்ட அதே. இருட்டிலும் தலையில் வட்டத் தொப்பி. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒரு தரம் முனகியது. படம் முடிந்த பிறகு அம்மாவிடம் அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று பந்து கையைக் காட்டினாள்.

படத்தைப் பற்றி என்ன சொல்ல. ஹாலே குலுங்கியது. சங்கச் செயலாளர், சந்தா பாக்கிக்காகப் போன மாதம் முதல் யாரோடும் பேசாமல் இருந்தவர், பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தொப்பி உதை வந்தபோது லிஃப்ட்காரர் எழுந்து நின்று கை தட்டினார்.

“இந்த உதைக்கு மட்டும் கோயில் கட்டலாம்” என்றார் சத்தமாக. பிறகு மனைவி பக்கம் குனிந்து, “உனக்கெல்லாம் இது எங்க புரியப் போவுது.”

அக்கா வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த தோள் அது. மழை வந்தால் வலிக்கும். லிஃப்ட்காரர்தான் தைலம் தேய்த்து விடுவார், தாடித் தாத்தாவின் பெருமையைச் சொல்லிக்கொண்டே.

வில்லன் சாணக் குட்டையில் விழுந்தான். படம் முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின.

அக்கா பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். “லைட்டப் போடுங்க. முடிஞ்சுது.”

“உட்காரும்மா” என்று பந்து கையைப் பிடித்து இழுத்தாள். “இனிமேதான் ஜாலியே. எடுக்கும்போது சொதப்பினதெல்லாம் காட்டுவாங்க. நாம ஒரு நாளும் பார்த்ததில்ல.”

“அதெல்லாம் வேண்டாம். செயலாளர் சார், அணைங்க.”

“நீங்க உட்காருங்கம்மா, மறைக்குது” என்றார் செயலாளர், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு.

திரையில் கதாநாயகன் தூணில் மோதிக்கொண்டான். ஹால் சிரித்தது. வில்லனின் மீசை கழன்று சூப்பில் விழுந்தது. ஹால் இன்னும் சிரித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து ஏணி வந்தது.

திறந்தவெளி முற்றத்தில் நட்டுக்குத்தாக நிற்கிறது ஏணி. உச்சியில் தாடித் தாத்தா. படத்தில் ஏணி தானாக நிற்பது போல இருக்கும். இதில் கீழே ஓர் ஒல்லிப் பையன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. தாத்தா காலை வீசுகிறார். வீசிய வேகத்தில் தாடி ஒரு பக்கம் கழன்று, காற்றில் படபடத்து, மொத்தமாகப் பிய்ந்து கீழே போய் ஒல்லிப் பையன் முகத்தில் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது.

பையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிறான். வயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. ஏணி சாய்கிறது.

கிழவர் விழுகிறார். கேமரா ஓடிப் பக்கத்தில் போகிறது. நரைத்த டோப்பா பாதி நழுவி, உள்ளேயிருந்து கறுப்பாக இரட்டைப் பின்னல். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். முன்பல்லில் இடைவெளி, இடது புருவத்துக்குக் கீழே மச்சம். கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறாள். சிரிப்புப் பாதி வழியில் நிற்கிறது. வலி அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சிரித்தோம்.

“நிறுத்துங்க” என்றாள் பந்து. “பின்னாடி போங்க அங்கிள். இன்னும் கொஞ்சம். அங்க.”

செயலாளர் ரிமோட்டை அமுக்கினார். அந்த முகத்திலேயே படம் நின்றது. அடுத்து லைட்டையும் யாரோ போட்டுத் தொலைத்தார்கள். திரையில் அந்த முகம். திரைக்கு நேர் கீழே, முன்வரிசையில், அதே மச்சம், அதே பல்லிடைவெளி, மேலே ஒரு மூக்குக் கண்ணாடி.

ஹாலில் பிஸ்கட் கடித்த வாய்கள் கடித்தபடி நின்றன.

“அம்மா” என்றாள் பந்து. “அது நீயா?”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

லிஃப்ட்காரர் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அறுந்த கம்பியில் லிஃப்ட் நிற்பதைப் பார்த்தால்கூட அந்த முகம் அப்படி வெளுத்திருக்காது.

“சைக்கிள்ல விழுந்தேன்னு சொன்னே.”

“ஆமா.”

“தாடித் தாத்தான்னு ஒரு பெரிய நடிகர் இருக்காரே. அவரு...”

“அவரு பேசுவாரு, குடிப்பாரு. அதோட சரி. முட்டி மடங்காது அவருக்கு. உயரமும் ஒல்லியும் எனக்குச் சரியா இருந்துச்சு. ஸ்கூல்ல கம்பில தொங்கறதப் பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போனாங்க.”

“பெஞ்சு மேல உருண்டது?”

“நான்தான்.”

“துடைப்பச் சண்டை?”

“அதுல பாதி. அப்புறம் தும்மல் வந்துடுச்சு, வேற ஆளு.”

அவர் கேட்கவே பயந்தவர் போல, மெல்ல: “தொப்பி உதை?”

“அதுவும்.”

பின்வரிசையில் ஒரு கிழவி “அடி ஆத்தி” என்றாள். யாரும் அவளை அடக்கவில்லை. எல்லோருக்காகவும்தான் அவள் சொன்னாள்.

“இத்தன வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?”

“கல்யாணம் ஆன புதுசுல சொல்ல வந்தேங்க. அன்னைக்குத்தான் முதல் தடவையா இந்தப் படத்த எனக்குப் போட்டுக் காட்டுனீங்க. ஞாபகம் இருக்கா? இந்த உதைய நிறுத்தி, ‘பொம்பளையா பொறந்தவ கனவுல கூட இப்படி ஒண்ணு உதைக்க முடியாது’ன்னீங்க. திறந்த வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் நீங்க சந்தோஷமாப் பார்க்கறதப் பார்த்து... சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

லிஃப்ட்காரர் நாற்காலிகளை இடித்துக்கொண்டு வெளியே போனார். அவர் போன திசையை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முனகியது.

“தாடி” என்றார் மாஸ்டர்.

அக்கா திரும்பினார். அந்த மலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு திரையில் அந்த முகத்துக்குப் பின்னால் மங்கலாகக் குனிந்து நிற்கும் ஒல்லிப் பையனைப் பார்த்தார்.

“குச்சி?”

அந்த உடம்புக்கு அந்தப் பெயரை யாராவது இன்று வைத்தால் கேலி என்று வழக்குப் போடலாம். ஆனால் அந்த மனிதர் வாத்தியார் எதிரில் நிற்கிற பையனைப் போல நின்றார்.

“பந்து உன் பொண்ணுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“வந்து கேட்டிருக்கவே மாட்டேன்.” தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்கம்மா என்னை ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ‘என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டா இவள ஏணில ஏத்துனீங்க’ன்னு. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.”

அம்மா நேரில் சரி சொல்ல வேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பந்து போட்ட கணக்கு இப்படியா வரும்?

“நான் வேணும்னு விடல” என்றார் மாஸ்டர். “சிரிச்சேன். அவ்வளவுதான். சிரிச்சதுல கை விட்டுப் போச்சு.”

“தெரியும். நானும்தான் சிரிச்சேன். விழறப்ப பாதி தூரம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்.” அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எனக்கு உன் மேல கோபம் இல்ல குச்சி. நான் விழுந்ததப் படத்துக் கடைசியில ஒட்டி விட்டாங்க பாரு, அதுக்குத்தான் கோபம். ஊர் ஊரா நான் விழறதுக்குச் சிரிக்கறாங்க. அதை இவரு பார்த்துச் சிரிச்சிடக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் அணைச்சேன்.”

பந்து அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் போகலம்மா. வேண்டாம். வேன் வந்தா திருப்பி அனுப்பிடறேன்.”

அக்கா மகளைப் பார்த்தார். ஷூவை வாளியில் முக்கிய நாளிலிருந்து அவர் முகத்தில் இருந்த இறுக்கம் இப்போது இல்லை. திரையில் நிற்கும் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

“நாளைக்கு என்ன எடுக்கறீங்க?” என்று மாஸ்டரிடம் கேட்டார்.

“ஏணிதான்.”

“யாரு புடிப்பா?”

“நான்தான் புடிப்பேன். வேற யாரையும் விடறதில்ல.”

“நீ வேண்டாம்” என்றார் அக்கா. “நான் புடிக்கிறேன்.”

பந்துவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. “அப்ப... சரியா?”

“ஏணிய நான் புடிக்கிறதுன்னா சரி. மருந்துக்கடைல லீவு சொல்லிக்கலாம். எழுந்திரு, தரை எல்லாம் பிஸ்கட்டு.”

இத்தோடு எல்லாம் நலமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேலே போய்ப் பார்த்தால் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. டிவிக்கு மேலே சுவரில் வெளிறாத ஒரு சதுரம், போஸ்டரைக் காணோம். லிஃப்ட்காரரையும் காணோம். அதே நேரம் ஏழாம் மாடியிலிருந்து லிஃப்ட் வரவில்லை என்று ஒரு குரல் கத்தியது.

லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றிருந்தது. இரும்புக் கதவின் கம்பிகளுக்குள், வராந்தாத் தரை மட்டத்தில், லிஃப்ட்காரரின் தலை மட்டும் தெரிந்தது. போஸ்டர் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். லிஃப்டை நிறுத்தத் தெரிந்தவரும் அவர்தான், ஓட்டத் தெரிந்தவரும் அவர்தான். என்ன செய்வது?

அக்கா குனிந்தார். “வெளிய வாங்க.”

“மாட்டேன்.”

“எல்லாரும் பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும். ஊரே உன்னைப் பார்த்துச்சு. நான் ஒருத்தன்தான் வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டுப் பார்க்கல.”

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு இவகூட நான் போறேங்க. ஏணி புடிக்க” என்றார்.

“போ. நான் என்ன, தடுக்கறவனா?” உள்ளேயிருந்து மூக்குறிஞ்சும் சத்தம். பிறகு, சின்னதாக: “ஒரு தடவ போட்டுக் காமி.”

“எதை?”

“தொப்பி உதை. என் கண்ணால பார்க்கணும். அப்பத்தான் கதவத் திறப்பேன்.”

“விளையாடறீங்களா? என் வயசென்ன, தோளென்ன.”

“தைலம் இருக்கு. நான் தேய்ச்சு விடறேன்.”

பந்து “அப்பா, வேண்டாம்ப்பா” என்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தொப்பியைத் தலையில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு, அக்காவுக்கு எதிரில் நின்றார்.

“இந்தத் தடவ சிரிக்க மாட்டேன்” என்றார்.

அக்கா கணவரைப் பார்த்தார். கம்பிக்குள்ளிருந்து இரண்டு கண்கள், இமைக்காமல். கைப்பிடிச் சுவரில் ஷூ. அதைத் தொட்டுப் பார்த்தார், இன்னும் ஈரம். செருப்பை உதறி ஓரமாகத் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார்.

அக்கா சுழல இடம் விட்டு, மூன்றாம் மாடிக்காரர்கள் அத்தனை பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம்.